வினைமுதல் யார்? தவறிப் பாய்ந்த குண்டும் தனிமனிதப் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மும்பையின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள டிராம்பே, பழைமையான கோளி மீனவர் குடியிருப்பாகும். 1954ஆம் ஆண்டில் இங்கு அணுசக்தி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் 1967இல் அந்நிறுவனம் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அனல்மின் நிலையமும், உர ஆலையும், கடற்படையின் படைக்கலக் கிடங்கும் இப்பகுதியைச் சூழ அமைந்தன. 1976 மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் சீட்டா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். அவருள் தமிழர் கணிசமானோர். அவ்வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்த தமிழரே. ஆயுதந்தாங்கிய காவலும் தமிழர்தம் அன்றாட வாழ்வும் ஒரே மதிலின் இருபுறமாக அமைந்த இடம் டிராம்பே எனலாம்.

காவலரின் கையிலுள்ள துப்பாக்கியை நாள்தோறும் காண்பவர், அதனைக் காணாதவர்போலவே கடந்து செல்கின்றனர். அக்கருவி தவறாகச் செயற்படும்போதுதான் அது அனைவர் கண்ணிலும் படுகிறது. 2024 அக்டோபர் 1ஆம் நாள் அதிகாலையில், மும்பையில் இந்தித் திரைப்பட நடிகரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான கோவிந்தா, உரிமம் பெற்ற தம் கைத்துப்பாக்கியின் குண்டு காலில் பாய்ந்து காயமுற்றார். அலமாரியில் வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பினர் கூறினர். அவர் உயிர்பிழைத்தார். அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன், 2021 டிசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் பாட்டனார் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. அருகிலுள்ள துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி மேற்கொண்டிருந்தனர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அச்சிறுவன் 2022 சனவரி 3ஆம் நாள் இறந்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தன்மையால் வேறுபட்டவை. ஆயினும், அவற்றைப் பற்றிய பேச்சும் எழுத்தும் ஒரே தொடரமைப்பைக் கையாண்டன. 'துப்பாக்கி வெடித்தது', 'குண்டு பாய்ந்தது' என்பனவே அத்தொடர்கள். சுட்டவர் அவற்றில் இல்லை. இவ்வின்மையை மொழிநிலையிலும் வரலாற்று நிலையிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் காட்டும் வினைமுதல்

ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய முதனிலைகளாகத் தொல்காப்பியம் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் ஆகிய எட்டினைக் கூறுகிறது. செய்வதும் கருவியும் அங்குத் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. மூன்றாம் வேற்றுமை இரண்டற்கும் உரியதாயினும், அவை ஒன்றல்ல என்பது இலக்கண நூலாரின் தெளிந்த கருத்து.

இலக்கண மரபு மற்றொன்றையும் அறிந்திருந்தது. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியமும் நன்னூலும் மரபென ஏற்றுக்கொண்டுள்ளன. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது என்பதை யாவரும் அறிவர். ஆதலின் அத்தொடரால் தீங்கு எதுவும் விளைவதில்லை. 'துப்பாக்கி வெடித்தது' என்பதும் அவ்வகைத் தொடரே. ஆனால், இங்குத் துப்பாக்கி தானே வெடித்துக்கொள்ளும் என்று நம்ப ஆயத்தமாக இருக்கிறோம். மொழி மரபாக ஏற்கத்தக்க ஒன்று, அறநிலையில் ஒரு மறைப்பாக மாறும் இடம் இதுவாகும்.

நன்னூலின் உரைமரபு கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இருவகைப்படுத்துகிறது. கோயிலைக் கட்டியவன் அரசன் என்பதும் தச்சன் என்பதும் உண்மையே. ஒருவன் ஏவினான், மற்றவன் இயற்றினான். படைக்கலத்தால் விளையும் தீங்கினை ஆராய்வார்க்கு இப்பாகுபாடு பெரிதும் பயன்படும். விசையை இழுத்தவர் இயற்றுதற்கருத்தா. பயிற்சித் தளத்தை அவ்விடத்தில் அமைத்தவர், அன்று அங்குச் சுடுமாறு பணித்தவர், பாதுகாப்புக்கு உறுதி கூறியவர் ஆகியோர் ஏவுதற்கருத்தாக்கள். 'குண்டு பாய்ந்தது' என்னும் தொடர் இவ்விரு சாராரையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.

இலக்கிய மரபில் அறியாது செய்த கொலை

அறியாது எய்த அம்பு இந்திய இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. ஒலியை மட்டுமே குறியாகக் கொண்டு எய்யும் வித்தையில் வல்லவனான தசரதன், இரவில் ஆற்றங்கரையில் குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானையின் ஓசை எனக் கருதி அம்பு தொடுத்தான். இறந்தவன் கண்ணிழந்த பெற்றோர்க்கு நீர் மொள்ள வந்த இளைஞன். வான்மீகியும் கம்பரும் கூறும் இக்கதையே இராமனின் வனவாசத்திற்கும் தசரதனின் மரணத்திற்கும் பின்புலமாக அமைகிறது. மகாபாரதத்தில் பாண்டு, மானுருவில் இருந்த முனிவனை எய்து சாபம் பெறுகிறான். கண்ணனின் முடிவும் மான் என மயங்கிய வேடன் ஒருவனின் அம்பால் நேர்கிறது.

தசரதன் கதையில் மூன்று கூறுகள் உற்றுநோக்கத்தக்கன. முதலாவது, அவனுடைய பிழை கைப்பிழையன்று. அவன் குறி தவறவில்லை. ஓசை எழுந்த இடத்திலேயே அம்பு தைத்தது. இலக்கு இன்னதெனக் காணாமல் எய்ததே பிழை. திறமை மிகுந்தவனுக்கு அத்திறமையே எமனாயிற்று. இரண்டாவது, அவன் ஓடி ஒளியவில்லை. இறந்தவனின் பெற்றோரிடம் தானே சென்று, செய்தவன் நான் என்று கூறினான். வான்மீகியின் நூலில் அம்முனிவர், அவன் தானே வந்து கூறியிராவிடில் அவனுடைய தலை சிதறியிருக்கும் என்றும், அறியாது செய்தமையாலேயே அவன் உயிருடன் இருக்கிறான் என்றும் உரைக்கிறார். மூன்றாவது, இவ்விரண்டும் தண்டனையைக் குறைத்தனவேயன்றி நீக்கவில்லை. கருத்தின்மையும் ஒப்புதலும் பொறுப்பின் அளவை மாற்றும்; பொறுப்பை அழிக்கமாட்டா என்பது அக்கதையின் நீதி.

தமிழ் மரபில் இதற்கு இணையாக நிற்பது மனுநீதிச் சோழன் வரலாறு. சிலப்பதிகாரம் குறிப்பிடும் இந்நிகழ்ச்சியைப் பெரியபுராணம் திருவாரூரை நிலைக்களமாகக் கொண்டு விரிவாகப் பாடுகிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று தானே பாய்ந்து விழுந்தது. அமைச்சர் நூல்வழிக் கழுவாயைப் பரிந்துரைத்தனர். அரசன் அதனை ஏற்கவில்லை. மைந்தனைத் தேர்க்காலில் இடும் அம்முடிவு இன்றைய நீதிக்கு ஏற்புடையதன்று. ஆயினும், அமைச்சர் கூற்றை அவன் மறுத்தமைக்கான காரணம் நோக்கத்தக்கது. ஆள்வோர் வீட்டுப் பிள்ளை செய்தால் விபத்து, பிறர் செய்தால் குற்றம் என்னும் இரட்டை அளவுகோலையே அவன் மறுத்தான்.

சிலப்பதிகாரம் காட்டும் கோவலன் கொலை விபத்தன்று. எனினும், ஆயுதமேந்தியவரின் பொறுப்பைப் பற்றி அக்காட்சி ஆழமாகப் பேசுகிறது. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் ஐயுற்றுத் தயங்கினர். அத்தயக்கத்திற்கு இடையில், கல்லாத, களிப்பு மிக்க ஒருவன் வாளை வீசினான். பயிற்சியும் நிதானமும் அற்றவன் கையில் படைக்கலம் இருந்தமையே அங்கு உடனடிக் காரணம். ஆனால், கண்ணகி அவ்வாள்வீரனைத் தேடிச் செல்லவில்லை. ஏவிய அரசனிடமே சென்று வழக்குரைத்தாள். உண்மை வெளிப்பட்டபோது நெடுஞ்செழியனும் வாளைப் பழிக்கவில்லை, வீசியவனையும் பழிக்கவில்லை. தன்னையே கள்வன் என்றான். ஏவுதற்கருத்தா தன்னை வினைமுதலாக ஒப்புக்கொண்ட அரிய இடம் இது.

வில்லிலிருந்து துப்பாக்கிக்கு

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலமுடையது. கருவியும் சொல்லும் வெளியிலிருந்து வந்தன. பாளையக்காரர் காலத்தில் தமிழகத்தில் துப்பாக்கிப் பயன்பாடு பரவலாகியிருந்தது. 1799 முதல் 1801 வரை நிகழ்ந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின் கும்பினியார் கோட்டைகளை இடித்து, மக்கள் ஆயுதம் தாங்குவதையும் தடுத்தனர். லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கியது. ஐரோப்பியர்க்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவற்றின் விளைவாகத் துப்பாக்கியைக் கையாளும் அறிவு படையினர், காவலர், உரிமம் பெற்ற சிலர் ஆகியோர்க்குள் ஒடுங்கியது. ஆயுதக் கட்டுப்பாடு உயிர்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், துப்பாக்கி எவ்வாறு தவறுகிறது என்பதை அறியாத சமூகம், 'தவறுதலாக' என்னும் சொல்லைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் சமூகமாகவும் ஆயிற்று.

வில்லுக்கும் துப்பாக்கிக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. வில்லின் ஆற்றல் எய்பவனின் தோளிலிருந்து வருவது. நாணை இழுக்காதவரை அம்பு வெறும் கோலே. துப்பாக்கியின் ஆற்றலோ தோட்டாவின் மருந்தில் முன்பே அடைத்து வைக்கப்பட்டது. விரலின் சிற்றசைவு அதனை விடுவிக்கப் போதுமானது. ஆதலின், எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையிலிருந்த உடலுழைப்பு என்னும் தடை நீங்கிவிட்டது. அத்தடையின் இடத்தில் ஒழுங்குமுறை வந்தாக வேண்டும். பாதுகாப்பு விதிகள் தோன்றியதன் காரணம் இதுவே.

தானே வெடித்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சிகளின் பின்னணியில் பெரும்பாலும் எளிய இயந்திரக் காரணங்கள் உள்ளன. தோட்டாக் கூட்டினைக் கழற்றிய பின்னும், குழாயின் அடியறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கக்கூடும். கூட்டினைக் கழற்றியவர் துப்பாக்கி வெறுமையாயிற்று என நம்பி விசையை இழுக்கிறார். பழைய அமைப்பிலான சுழல் கைத்துப்பாக்கிகளில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். கீழே விழுந்தால் அவ்வதிர்ச்சியே வெடிக்கச் செய்யும். அதனாலேயே அத்தகைய துப்பாக்கியை வைத்திருந்தோர் சுத்தியலின் கீழுள்ள அறையை வெறுமையாக விடும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். பிற்கால அமைப்புகள் பலவற்றில் இதனைத் தடுக்கும் தனி உறுப்பு சேர்க்கப்பட்டது. காரணம் அறியப்பட்டது, தடுக்கும் முறையும் அறியப்பட்டது என்னும் நிலையில், நேர்ந்ததனைத் தற்செயல் என்பதற்கு இடம் சுருங்கிவிடுகிறது.

நான்கு விதிகள்

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிப் பின்னர்த் துப்பாக்கிப் பயிற்சியாளராக விளங்கிய ஜெஃப் கூப்பர் (1920-2006) வகுத்த நான்கு விதிகள் இன்று உலகெங்கும் பயிற்சிகளில் எடுத்தாளப்படுகின்றன. எத்துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழாயின் வாயைத் திருப்பலாகாது. இலக்கு பார்வைக்கோட்டில் அமையும்வரை விரலை விசையின்மீது வைக்கலாகாது. இலக்கு இன்னதென்பதையும் அதற்கு அப்பால் உள்ளதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இவற்றைத் தொல்காப்பியம் கூறும் முதனிலைகளோடு ஒப்பிட்டு நோக்கலாம். முதல் விதி கருவியைப் பற்றியது. இரண்டாவது செயப்படுபொருளைப் பற்றியது. மூன்றாவது காலத்தைப் பற்றியது. நான்காவது செயப்படுபொருளோடு நிலத்தையும் உள்ளடக்கியது. நான்கும் செய்பவனை நோக்கியே கூறப்பட்டுள்ளன. துப்பாக்கியை நோக்கி எவ்விதியும் இல்லை. இவ்விதிகளின் மற்றொரு சிறப்பு, அவை ஒன்றற்கொன்று காப்பாக அமைந்திருப்பதாகும். தோட்டா இருப்பதை அறியாது விசையை இழுத்தாலும், குழாயின் வாய் பாதுகாப்பான திசையில் இருப்பின் எவரும் இறப்பதில்லை. ஓர் உயிர் போவதற்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே கணத்தில் மீறப்பட்டிருக்க வேண்டும். ஒரு பிழையை மனித இயல்பு எனலாம். அடுக்கிய பிழைகள் கவனமின்மையின் விளைவே.

தசரதன் மீறியது நான்காம் விதியை. நார்த்தாமலையில் மீறப்பட்டதும் அதுவே. படைத்துப்பாக்கியின் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கொல்லும் ஆற்றலுடன் செல்லக்கூடியது. ஆகவே, பயிற்சித் தளத்தில் இலக்குப் பலகை மட்டும் இலக்கன்று. அதன் பின்னுள்ள மண்மேடும், பாறையும், அதற்கப்பால் உள்ள ஊரும் கணக்கில் கொள்ளத்தக்கன. 'அப்பால் உள்ளதை' அறிந்திருக்க வேண்டியவர் சுடும் வீரர் மட்டுமல்லர். தளத்தை அமைத்தவர்க்கும் அக்கடமை உண்டு.

சட்டத்தின் பார்வை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 80ஆம் பிரிவில் விபத்துக்கு விலக்களித்தது. குற்றநோக்கமும் அறிவும் இன்றி, சட்டத்திற்குட்பட்ட செயலை, சட்டத்திற்குட்பட்ட முறையில், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யும்போது நேரும் தீங்கு குற்றமாகாது என்பது அதன் சாரம். கைக்கோடரியால் வேலை செய்பவனின் கோடரித் தலை கழன்று பறந்து அருகில் நிற்பவனைக் கொல்லும் நிகழ்ச்சி அங்கு எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளது. கழன்றது கருவியே எனினும், உரிய கவனம் இருந்ததா என்னும் கேள்வி செய்பவனை நோக்கியே எழுகிறது. கவனமின்மையால் விளையும் மரணத்திற்கென 304அ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. விபத்துக்கும் குற்றத்திற்கும் இடையே ஒரு மூன்றாம் நிலையை அது வகுத்தது.

இரு தீர்ப்புகளை ஒப்பிடுவது இங்குப் பொருந்தும். 1952இல் வெளியான நாகபுரி உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றில், மழையில் கழுதைப்புலி எனக் கருதிச் சுட்டு ஒரு மனிதனைக் கொன்றவர்க்கு விபத்து என்னும் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விடத்தில் மனிதர் இருப்பர் என எதிர்பார்க்க இடமில்லை என்பதும், அவர் நல்லெண்ணத்துடன் செயற்பட்டார் என்பதும் கருதப்பட்டன. உரிமமில்லாத துப்பாக்கியைப் பயன்படுத்தியமைகூட அவ்விலக்கைப் பறிக்கவில்லை. மாறாக, 1997இல் உச்ச நீதிமன்றம், குசராத்தில் காவற்பணியில் இருந்த ஆயுதப்படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியை ஆளறியாது அண்மையிலிருந்து சுட்ட வழக்கில், அவ்விலக்கை மறுத்தது. எதிரில் இருப்பவர் யார் என உறுதிசெய்யாமல் சுட்டது உரிய கவனமாகாது என்பது அதன் முடிவு. இருவருமே தசரதனின் நிலையில் நின்றவர். வேறுபாடு அவர்தம் நோக்கத்தில் இல்லை. இலக்கை அறிய அவர்க்கு இருந்த வாய்ப்பிலும் கடமையிலும் இருந்தது. பயிற்சியும் பணியும் உடையவரிடம் சட்டம் மிகுதியான கவனத்தை எதிர்பார்ப்பது நேரியதே.

அண்மைக்காலத்தில் சட்டம் மேலும் கூர்மை பெற்றுள்ளது. திருமண வீட்டில் மகிழ்ச்சிக்காகச் சுட்டதில் உயிரிழப்பு நேர்ந்த வழக்கொன்றில், 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுட்டவரின் செயலை வெறும் விபத்தாக ஏற்கவில்லை. கொலைக்குற்றத்தைக் குறைத்த அதேவேளையில், மரணம் விளையக்கூடும் என்னும் அறிவுடன் செய்த குற்றமாகவே அதனைக் கொண்டது. 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம், கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டிற்கும் பிறர் உயிருக்கு ஊறு நேரும்படி கவனமின்றிச் சுடுவதற்கும் ஈராண்டு வரை சிறை அல்லது ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதா, விபத்துக்கான விலக்கை 18ஆம் பிரிவில் தொடர்ந்து வழங்குகிறது. கவனமின்மையால் விளையும் மரணத்திற்கான உச்சத் தண்டனையை 106ஆம் பிரிவில் ஈராண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியுள்ளது.

ஏவியவரும் இயற்றியவரும்

தனியாள் ஒருவரின் கைத்துப்பாக்கி வெடிக்கும்போது வினைமுதலைக் காண்பது எளிது. அமைப்பொன்றின் துப்பாக்கி வெடிக்கும்போது அது கடினமாகிறது. தமிழர் பாதிக்கப்பட்ட சில நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும்.

2012 பிப்ரவரி 15ஆம் நாள் கேரளக் கடற்கரைக்கு அப்பால், என்ரிகா லெக்சி என்னும் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென மயங்கிச் சுட்டதில் இரு மீனவர் இறந்தனர். அவருள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். அவ்வாண்டே சூலை 16ஆம் நாள், துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திற்கு அருகில் அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பலிலிருந்து சுட்டதில் இராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர். எச்சரித்த பின்னரே சுட்டதாகக் கப்பல் தரப்பும், எச்சரிக்கையே இல்லை என்று உயிர்தப்பியோரும் கூறினர். 2022 அக்டோபர் 21ஆம் நாள் பாக் நீரிணைப் பகுதியில் இந்தியக் கடற்படையினர் சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமுற்றார். இவை மூன்றும் கைதவறிய நிகழ்ச்சிகளல்ல. இலக்கை அறிவதில் நேர்ந்த பிழைகள் அல்லது அவ்வாறு விளக்கப்பட்டவை. நீரோசையை யானை எனக் கருதியவனின் பிழை கடலிலும் தொடர்கிறது.

என்ரிகா லெக்சி வழக்கின் முடிவு சிந்திக்கத்தக்கது. அனைத்துலக நடுவர் தீர்ப்பாயம் 2020இல் வீரர்களுக்கு இந்திய நீதிமன்றங்களிலிருந்து விலக்குரிமை உண்டு என்றும், இந்தியா இழப்பீட்டிற்கு உரியது என்றும் முடிவு செய்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் வழங்கியது. 2021 சூன் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்தியாவிலிருந்த வழக்கை முடித்துவைத்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகின் உரிமையாளர்க்கு 2 கோடியும் ஒதுக்கப்பட்டன. இழப்பீடு வந்தது; சுட்டவர் செய்தது குற்றமா, பிழையா என்பதை இந்திய நீதிமன்றம் எதுவும் ஆராய்ந்து கூறவில்லை. நார்த்தாமலைச் சிறுவனின் குடும்பத்திற்கும் தமிழக அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. உதவித்தொகை வேண்டற்பாலதே. ஆனால், அது கழுவாய், விடையன்று. திருவாரூர் அமைச்சர் பரிந்துரைத்ததும் கழுவாயையே.

டிராம்பேயோடு நெருங்கிய உறவுடையது அணுசக்தித் துறையின் மற்றோர் இருப்பிடமான கல்பாக்கம். 2024 மே மாதத்தில் அங்குப் பணி முடிந்து பேருந்தில் சென்ற மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர், தம் துப்பாக்கியின் குண்டு பாய்ந்து இறந்தார். வேகத்தடையில் பேருந்து குலுங்கியபோது துப்பாக்கி வெடித்ததாகச் செய்திகள் கூறின. வேகத்தடை குலுக்கும், ஆனால், அடியறையில் தோட்டா இல்லாத துப்பாக்கியைக் குலுக்கல் வெடிக்கச் செய்யாது. இதனால் இறந்தவர்மேல் பழி சுமத்துவது நோக்கமன்று. பணி முடிந்து வண்டியேறும் முன் துப்பாக்கிகள் வெறுமையாக்கப்பட்டனவா என்பதை வேறொருவரும் பார்த்திருக்க வேண்டாவா என்பதே கேள்வி. இத்தகைய மரணங்களில் பாதிக்கப்படுவோருள் ஆயுதமேந்தியோரும் அடங்குவர் என்பதை மறத்தலாகாது.

பொறுப்பு எவ்வாறு பகிரப்படுகிறது என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றும் பயன்படும். 2021 அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் திரைப்படத்தின் ஒத்திகையில், நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹெலைனா ஹட்சின்ஸ் இறந்தார். விசையைத் தாம் இழுக்கவில்லை என்று நடிகர் கூறினார். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் 2024 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். துணை இயக்குநர் துப்பாக்கியைக் கவனமின்றிக் கையாண்ட குற்றச்சாட்டை எதிர்க்காது ஏற்றுக்கொண்டார். நடிகர்மீதான வழக்கு, அரசுத் தரப்பு சான்றுகளை மறைத்த காரணத்தால் 2024 சூலையில் தள்ளுபடியாயிற்று. எல்லா விடையும் அங்குக் கிடைத்துவிடவில்லை. எனினும், நிரப்பியவர் யார், சோதித்தவர் யார், கைக்கொடுத்தவர் யார், ஏந்தியவர் யார் எனக் கைமாறிய வரிசை முழுவதும் பொதுவில் ஆராயப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அறியாது செய்த தீங்கும் வேண்டுமென்று செய்த தீங்கும் ஒன்றல்ல என்பதை இலக்கிய மரபும் சட்டமும் ஒருங்கே ஏற்கின்றன. உண்மையான விபத்து உண்டு. அதற்கு மன்னிப்பும் உண்டு. மனுநீதிச் சோழனின் கடுமையை இன்று எவரும் வேண்டார். ஆனால், விபத்து என்பது விசாரணையின் முடிவாக இருத்தல் வேண்டுமேயன்றித் தொடக்கமாக இருத்தலாகாது. உரிய கவனம் இருந்தது என நிறுவப்பட்ட பின்னரே அச்சொல்லுக்கு உரிமை பிறக்கிறது.

இயற்றியவரை மட்டும் தண்டித்து ஏவியவரை விடுவதும், ஏவியவரைக் காட்டி இயற்றியவர் தப்புவதும் ஒருபடித்தான பிழைகளே. தசரதன் இயற்றுதற்கருத்தாவாக நின்று ஒப்புக்கொண்டான். நெடுஞ்செழியன் ஏவுதற்கருத்தாவாக நின்று ஒப்புக்கொண்டான். இவ்விரு ஒப்புதல்களும் சேரும் இடத்திலேயே பொறுப்பு முழுமை பெறுகிறது.

தமிழ் ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கினை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவ்வழக்கு எங்குப் பொருந்தும், எங்கு உண்மையை மறைக்கும் என்பதையும் சேர்த்தே கற்பிக்கலாம். செய்தித்தாளின் ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதி, இத்தொடரில் வினைமுதல் எங்கே என்று கேட்பது இலக்கணப் பயிற்சியும் ஆகும். குடிமைப் பயிற்சியும் ஆகும்.

டிராம்பேயில் மதிலுக்கு அப்புறம் காவல் நிற்பவரும் இப்புறம் வாழ்பவரும் ஒருவரையொருவர் அறியார். காவலர் துப்பாக்கியை வெறுமையாக்கும் அச்சில கணங்களின் கவனத்தில் இருவர் உயிரும் அடங்கியுள்ளது. அக்கவனம் நாள்தோறும் நிகழ்கையில் அது செய்தியாவதில்லை. அது தவறிய நாளில், குறைந்தது நம் தொடர்களாவது எழுவாயை இழக்காதிருக்கட்டும்.